சாரோபாட் பல்லைப் பார்த்து ஆளைச் சொல்வது எப்படி?

போன கோடை விடுமுறையில் குப்பத்திலிருந்து ஹைதராபாத் போயிருந்தோம். பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் பழைய ஆதிலாபாத் மாவட்டத்து யாமன்பள்ளியில் கிடைத்த கோட்டாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. "அந்தத் தலை நிஜமாப்பா?" என்றாள் மகள். இல்லை, செய்து வைத்ததுதான். அதன் மண்டை ஓடு கிடைக்கவில்லை. ஊர் திரும்பியதும் பள்ளிக் கண்காட்சிக்கு அவள் பிடித்துக்கொண்ட தலைப்பும் அதுதான். வேலை என் தலையில் விழுந்தது.

கோட்டாசாரஸ் மாதிரி நீளக் கழுத்து டைனோசர்கள்தான் சாரோபாட். அவற்றின் மண்டை ஓடு உடம்பைப் பார்க்கச் சின்னது, எலும்பும் மெல்லியது. செத்த பிறகு சுலபமாகக் கழன்றுவிடும். அபடோசாரஸ் என்ற சாரோபாடுக்கே பல வருடம் கமராசாரஸ் என்ற இன்னொன்றின் ஜாடைத் தலையைத்தான் மாட்டியிருந்தார்கள். அமெரிக்காவின் கார்னகி அருங்காட்சியகத்தில் சரியான தலை ஏறியது 1979-ல். பல் அப்படியல்ல. எனாமல் கெட்டி, போதாததற்கு விழ விழ முளைத்துக்கொண்டே இருந்தது. அதனால் பல்லிலிருந்து தொடங்குவோம். நாம் பிரிக்கப்போவது இரண்டு வகை: கமராசாரஸ் மாதிரி அகலமான கரண்டிப் பல், டிப்ளோடோகஸ் என்ற சாரோபாட் மாதிரி மெலிந்த பென்சில் பல்.

தேவையானவை: உதட்டுப் பக்கத்திலிருந்து நேராக எடுத்த பல் படங்களின் பிரிண்ட், வெர்னியர் (நுணுக்கமாக அளக்கும் கருவி), இரண்டு துணி சோப்பு, உப்புத்தாள். வெர்னியர் எஃகாக இருக்கட்டும். பிளாஸ்டிக் வளைகிறது, டிஜிட்டலில் பேட்டரி சரியான நேரத்தில் செத்துப்போகும்.

படி 1: வேரையும் தலைப்பகுதியையும் பிரியுங்கள். நான் விழுந்த குழி இது. கமராசாரஸ் பல்லை வேரோடு சேர்த்து அளந்துவிட்டு, அகலமான கரண்டிப் பல்லை மெலிந்த பல் என்று சார்ட்டில் எழுதி, வண்ணமும் அடித்துவிட்டேன். இரண்டு ராத்திரி வீண். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பளபளப்பாக, லேசான சுருக்கத்தோடு இருப்பது எனாமல். அது முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் மங்கலாக நீள்வது வேர், அது நம் கணக்கில் சேராது.

படி 2: எனாமல் பகுதியின் உயரத்தை, அதன் அதிகபட்ச அகலத்தால் வகுங்கள். விகிதம்தான் என்பதால் படம் எத்தனை மடங்கு பெரிது என்ற கவலை வேண்டாம். 4-ஐத் தாண்டினால் டிப்ளோடோகஸ் மாதிரி பென்சில் பல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு நன்றாகக் கீழே என்றால் கரண்டி.

படி 3: சோப்பில் இரண்டு வகையும் செதுக்குங்கள். கமராசாரஸின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசும். அதனால் அந்தச் சோப்புப் பற்களின் ஓரங்களை உப்புத்தாளால் தேயுங்கள். டிப்ளோடோகஸுக்கு நுனியை மட்டும். அதற்குப் பல் வாயின் முன்பக்கத்தில் மட்டுமே சீப்பு மாதிரி இருந்தது. முருங்கைக் கீரையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துக் காம்பை இழுப்போமே, கிளையை அப்படி உருவியிருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டுமே மெல்லவில்லை, அரைப்பதெல்லாம் வயிற்றின் பாடு. மெல்லாத வாய்க்குப் பெரிய தாடை வேண்டாம். தலை லேசானால்தான் அவ்வளவு நீளக் கழுத்தின் நுனியில் அதைத் தூக்க முடியும்.

படி 4: வரிசையாக அடுக்குங்கள். முன்னோர் வகையான பிளேட்டியோசாரஸுக்கு ரம்ப விளிம்புள்ள இலை வடிவப் பல். நம் கோதாவரிப் பக்கத்து பாராபாசாரஸுக்குக் கரண்டிப் பல், ஆனால் விளிம்பில் ரம்பம் இன்னும் மிச்சம். பிறகு கமராசாரஸ். பென்சில் பல்லைக் கடைசிப் படியாக ஒட்டாதீர்கள். அது ஒரு தடவை டிப்ளோடோகஸ் கூட்டத்திலும், தனியாக இன்னொரு தடவை டைட்டனோசார்கள் என்ற வேறொரு சாரோபாட் கூட்டத்திலும் வந்தது. சார்ட்டில் இரண்டு கிளையாகப் பிரியுங்கள்.

இடம் மிச்சமிருந்தால் பல் மாறும் வேகத்தையும் எழுதலாம். பல்லுக்குள் நாளுக்கு ஒன்றாகப் படியும் கோடுகளை எண்ணிக் கண்டது: கமராசாரஸில் ஒரு பல்லுக்குச் சுமார் 62 நாள், டிப்ளோடோகஸில் 35, 500-க்கு மேல் பல் வைத்திருந்த நைஜர்சாரஸில் வெறும் 14. என் மகளுக்கு ரொம்பப் பிடித்தது இந்த வரிதான்.

பிற்சேர்க்கை: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு ஆசிரியை, "டிப்ளோடோகஸ் பல்லுக்கு எனக்கு 2.5-தான் வருகிறது சார்" என்று படத்தை அனுப்பியிருந்தார். அளவு சரிதான், பல்தான் பாதி தேய்ந்திருந்தது. நுனி தேய்ந்தால் உயரம் குறைந்து பென்சிலும் கரண்டிக் கணக்கில் வந்துவிடும். தேயாத பல், முடிந்தால் தாடைக்குள் முளைக்காமல் காத்திருக்கும் மாற்றுப் பல்லின் படமாகப் பார்த்து எடுங்கள்.