மூலக்கூறு சிப் பற்றிப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே ஒரு கரிம மூலக்கூறு டயோடாக, அதாவது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பாக, வேலை செய்ய முடியும் என்று அவிராம், ராட்னர் என்ற ஆய்வாளர்கள் 1974-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மூலக்கூறுகளையே உறுப்புகளாக வைத்துச் சிப் செய்யும் அந்தக் கனவு எனக்கு இன்றும் பிடிக்கும். அதனாலேயே இதைப் பற்றித் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன்.

முதலில், கரிமப் பொருளால் ஒளிரும் ஓஎல்இடி திரையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் இருப்பது எண்ணற்ற மூலக்கூறுகள் சேர்ந்த மென்படலம். ஒற்றை மூலக்கூறே ஓர் உறுப்பாக இயங்கும் சிப் இன்னும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. அதேபோல, '3 நானோமீட்டர் சிப்' என்பது ஒரு தலைமுறையின் பெயர், டிரான்சிஸ்டரின் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பலரும் செய்கிற பெரிய தவறு, மூலக்கூறையே பார்த்துக்கொண்டு அதைத் தொடும் மின்முனையை மறந்துவிடுவது. ஒரு குடுவையில் கோடானுகோடி மூலக்கூறுகளை அச்சு அசலாக ஒரே மாதிரி செய்துவிடலாம். சிலிக்கானுக்கு இல்லாத வரம் இது. ஆனால் இணைப்புகள் ஒரே மாதிரி அமைவதில்லை. 1997-இல் மார்க் ரீட் என்ற ஆய்வாளரின் குழுவினர் மெல்லிய தங்கக் கம்பியை இழுத்து உடைத்து, அந்த இடைவெளியில் பென்சீன் வளைய மூலக்கூறு ஒன்றைப் பாலமாக்கி அளந்தார்கள். அதன் இரு முனைகளிலும் உள்ள கந்தகம்தான் தங்கத்தைப் பற்றிக்கொள்கிறது. எந்த இடத்தில் பற்றியது, எவ்வளவு சாய்ந்தது என்பதைப் பொறுத்து மின்னோட்டமே மாறிவிடும். ஒரே மூலக்கூறுக்கு வெவ்வேறு குழுக்கள் சொன்ன மதிப்புகள் பல மடங்கு வேறுபட்டன. அதனால்தான் இப்போது ஆயிரக்கணக்கான முறை இணைத்து, பிரித்து, கிடைக்கும் மதிப்புகளின் பரவலைப் பார்க்கிறார்கள். ஒரு கட்டுரையை எடுத்தால் நான் முதலில் தேடுவது இந்த எண்ணிக்கையைத்தான். ஒரே ஒரு அழகான வரைபடத்தை நம்பிவிடாதீர்கள்.

மூலக்கூறு டிரான்சிஸ்டர் செய்ததாக அறிவித்த பெல் ஆய்வக ஆய்வாளர் ஷோனின் விவகாரம் அப்படித்தான் வெடித்தது: வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் ஒரே இரைச்சல், அதாவது தற்செயலாக வர வேண்டிய சிறு ஏற்ற இறக்கங்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. அவர் தரவுகளைப் புனைந்திருந்தார் என்று 2002-இல் விசாரணைக் குழு சொன்னது. சரி, அதற்காகத் துறையே பொய் என்று முடிவு கட்டுவதும் தவறுதான்.

பழுதே இல்லாத சிப்புக்காகக் காத்திருப்பது இன்னொரு தவறு. ஹீத், ஸ்டோடர்ட் என்ற வேதியியலாளர்களின் குழுக்கள் 2007-இல் மூலக்கூறு சுவிட்சுகளால் ஆன 1,60,000 பிட் நினைவகம் ஒன்றைக் காட்டின. அதில் பழுதுகள் ஏராளம். எந்தெந்த பிட் கெட்டது என்று சோதித்து, மென்பொருளால் ஒதுக்கிவிட்டு, நல்லவற்றை மட்டும் வைத்து இயக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆனால் அந்த மூலக்கூறு சுவிட்சுகள் சில தடவை மாற்றியதுமே செயலிழந்தன. ஒரு செயலிக்குள் இருக்கும் சுவிட்சோ நொடிக்குப் பல கோடித் தடவை மாற வேண்டும்.