கருமருந்து ரிவால்வரில் குறி கூட்டுவது எப்படி: குண்டிலிருந்து தொடங்குவோம்

தீப்பொறி தரும் சிறு உலோகத் தொப்பியான கேப் வைத்துச் சுடும் பழைய பாணி ரிவால்வரைப் புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை கிரெயின் மருந்து போடலாம்?" என்பதுதான். (கிரெயின் என்பது ஒரு சிறிய எடை அலகு.) குறி நன்றாக விழ வேண்டும் என்றால் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: சுழலும் சிலிண்டரில் மருந்தும் குண்டும் போடும் துளையான அறைக்குள் ஈயக் குண்டு எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது, அங்கிருந்து குழலுக்குள் போகும்போது அதன் அளவு பொருந்துகிறதா? மருந்தின் அளவைவிட இந்தப் பொருத்தம்தான் இந்த ரகத் துப்பாக்கிகளில் குறியைத் தீர்மானிக்கிறது. அதனால் இந்த விளக்கத்தில் குண்டுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவற்றின் நகல்களையும் பழங்காலத் துப்பாக்கி என்ற வகையில் வைக்கிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. கீழே உள்ளதெல்லாம் சட்டப்படி வைத்திருப்பவர்கள், முறையான சுடுதளத்தில், கண்ணாடியும் காதடைப்பானும் போட்டுக்கொண்டு செய்வதற்கானது.

1. கையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இன்று கிடைப்பவை பெரும்பாலும் உபெர்டி, பியெட்டா என்ற இரண்டு இத்தாலிய நிறுவனங்கள் செய்யும் நகல்கள். கோல்ட் 1851 நேவி 36 காலிபர், அதாவது பெயரளவில் 0.36 அங்குலக் குழல். கோல்ட் 1860 ஆர்மி 44. ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மியும் 44தான். அதன் குழலில் 1858ஆம் ஆண்டின் காப்புரிமைத் தேதி பொறித்திருப்பதால் எல்லோரும் அதை 1858 என்றே சொல்கிறார்கள்.

ரெமிங்டனில் சிலிண்டருக்கு மேலே கெட்டியான இரும்புப் பட்டை ஓடுகிறது. கோல்ட்டில் அது கிடையாது. ஓர் ஆப்புதான் குழலைச் சட்டத்தோடு (துப்பாக்கியின் உடற்பகுதியோடு) பிடித்து வைத்திருக்கிறது. ரெமிங்டனில் பின் குறி, அதாவது குறி பார்க்க உதவும் பின்பக்கப் பள்ளம், அசையாது. கோல்ட்டில் பின் குறி, கேப்பை அடிக்கும் ஹேமரின் தலையில் வெட்டிய ஒரு சின்னப் பள்ளம். குறியை மட்டும் பார்த்தால், தொடங்குபவருக்கு ரெமிங்டன் எளிது.

2. குண்டைத் தேர்ந்தெடுங்கள்

முதல் விதி: சுத்தமான, மென்மையான ஈயம். கடின ஈயக் கலவையை உள்ளே தள்ள, குண்டை அறைக்குள் அழுத்தும் கைப்பிடியான லோடிங் லீவரைப் பலமாக அழுத்த வேண்டியிருக்கும். லீவர் வளையும், குண்டும் சரியாகப் பொருந்தாது.

இரண்டாவது விதி: உருண்டைக் குண்டு அறையின் வாயைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். 36 காலிபருக்கு வழக்கமாக 0.375 அங்குலம், சில துப்பாக்கிகளுக்கு 0.380. 44 காலிபருக்கு 0.451 அல்லது 0.454. ரூகர் ஓல்ட் ஆர்மி வைத்திருந்தால் 0.457. லீவரை அழுத்தும்போது அறையின் விளிம்பு குண்டைச் சுற்றிலும் சீவி, மெல்லிய ஈய வளையம் ஒன்று விழ வேண்டும். அந்த வளையத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். முழுவட்டமாக, எங்கும் அறுபடாமல் இருந்தால் பொருத்தம் சரி. அரைவட்டமாக வந்தால் குண்டு சிறிது, அல்லது கோணலாக நுழைந்திருக்கிறது. வளையமே வரவில்லை என்றால் அந்தக் குண்டைச் சுடாதீர்கள். சுடும் அதிர்ச்சியில் மற்ற அறைகளில் உள்ள குண்டு நகரலாம். ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அறைகள் வெடிக்கவும் கூடும்.

44இல் இரண்டு அளவுமே பொருந்தினால் நான் 0.454ஐத்தான் சொல்வேன். அதிகமாகச் சீவப்படுவதால், குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகள் பிடிப்பதற்கான பட்டை குண்டின் இடுப்பில் அகலமாக உருவாகிறது.

மருந்து போடாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. காலி சிலிண்டரைக் கழற்றி, ஒரு குண்டை அறைக்குள் அழுத்தி, பின்பக்கம் கேப் உட்காரும் சிறு குழாயான நிப்பிளைக் கழற்றி மரக்குச்சியால் வெளியே தள்ளி, அதன் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் இன்னொரு குண்டைக் காலிக் குழலுக்குள் தட்டி இறக்கி, வரிப்பள்ளத்தின் அளவை எடுங்கள். பல நகல்களில் அறை 0.446 அங்குலம் அளவில் இருக்க, குழலின் பள்ளம் 0.452 வரை போகும். அப்படியானால் அறை குண்டைச் சிறிதாக்கிவிடுகிறது. குழலுக்குள் அது தளர்வாக ஓடுகிறது. என்ன மருந்து போட்டாலும் குறி சிதறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தீர்வு, துப்பாக்கி வேலை தெரிந்த கைவினைஞரிடம் கொடுத்து ஆறு அறைகளையும் ஒரே அளவுக்கு விரிக்கச் சொல்வது. நாமே செய்யும் வேலை அல்ல இது.

3. மருந்து

கருமருந்தில் மூன்று எஃப் (FFFg) என்ற பொடியான ரகம் எடுங்கள். புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது, சிலிண்டர் சிதறிவிடும். கருமருந்துக்கு மாற்றாக விற்கும் மருந்துகளை எடையால் அளக்காமல் கொள்ளளவால் அளக்க வேண்டும். அவற்றில் ட்ரிபிள் செவன் வீரியமானது, அதனால் கொள்ளளவில் 15 சதவீதம் குறைத்துப் போடச் சொல்கிறார்கள்.

குறிக்காகச் சுட 36க்கு 15 முதல் 20 கிரெயின், 44க்கு 20 முதல் 25 கிரெயின் போதும். பித்தளைச் சட்டம் என்றால் கீழ் அளவிலேயே நில்லுங்கள். எதுவானாலும் உங்கள் துப்பாக்கியின் கையேடு சொல்லும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். குடுவையிலிருந்து நேராக அறைக்குள் கொட்டாதீர்கள். அளவுக்கிண்ணத்தில் எடுத்து, குடுவையை மூடி ஒதுக்கி வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

குறைந்த மருந்தில் ஒரு சிக்கல் வருகிறது. குண்டு அறையின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். குழலைத் தொடுவதற்குள் அது வெகுதூரம் தாண்ட வேண்டியிருக்கும். இதற்குச் சுடுபவர்கள் வைத்திருக்கும் தீர்வு நம் சமையலறையிலேயே இருக்கிறது: ரவை. கருமருந்தின் மேல் ரவையைப் போட்டு நிரப்பினால் குண்டு அறையின் வாய்க்கு அருகில் வந்து நிற்கும். அமெரிக்காவில் சோளமாவையும் போடுகிறார்கள். கவனிக்க வேண்டியது இரண்டு. மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் காற்று இடைவெளி துளியும் இருக்கக் கூடாது. குண்டும் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, நின்றால் சிலிண்டர் சுழலாது.

4. நிரப்பும் வரிசை

துணியால் அறைகளில் உள்ள எண்ணெயைத் துடைத்தெடுங்கள். பிறகு காலி அறைகளின் நிப்பிளில் கேப் மட்டும் வைத்து, குழலின் வாயைத் தரையில் உள்ள ஒரு புல்லுக்கு அருகே நீட்டிச் சுடுங்கள். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் நிப்பிளின் துளையில் எண்ணெயோ அழுக்கோ அடைத்திருக்கிறது.

சுட்ட கேப்களை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் மருந்து. மருந்து, ரவை, குண்டு. லீவரை ஒரே நிதானத்தில், ஒவ்வொரு அறைக்கும் ஒரே அழுத்தத்தில் இறக்குங்கள். ஓர் அறையில் மெதுவாகவும் அடுத்ததில் முழுப் பலத்தோடும் அழுத்தினால் வேகம் மாறும். வேகம் மாறினால் குறி மேலும் கீழும் போகும்.

குண்டுக்கு மேலே கொழுப்பு பூசுவது மருந்தின் கரியை இளக்கமாக வைத்திருக்கும். ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்தது நல்லது. பெட்ரோலியக் கிரீஸ் கருமருந்தோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கொழுப்பில் தோய்த்த ஃபெல்ட் வட்டுகளைக் குண்டுக்கு அடியில் வைப்பதும் உண்டு. கையில் பிசுபிசுப்பு இல்லை என்பதால் எனக்கு இதுவே பிடிக்கும்.

கேப் கடைசியில்தான், சுடும் வரிசையில் நின்று, குழல் இலக்கைப் பார்த்திருக்கும்போது மட்டும். கேப்பின் அளவு எண் 10ஆ 11ஆ என்பது நிப்பிளைப் பொறுத்தது; தளர்வாக உட்காரும் கேப் வேண்டாம். சுடாமல் போனால் குழலைத் திருப்பாமல், குறைந்தது ஒரு நிமிடம் இலக்கை நோக்கியே பிடித்திருங்கள்.

5. சோதித்துச் சுடுங்கள்

அறைகளின் மேல் மார்க்கரால் 1 முதல் 6 வரை எண் போடுங்கள். மணல் மூட்டையின் மேல் கைகளை ஊன்றி, 15 கஜத்தில் தொடங்கி, எந்த அறையின் குண்டு எங்கே விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து குண்டும் சேர்ந்து விழ, ஓர் அறை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளி விழுந்தால், கோளாறு உங்கள் கையில் இல்லை, அந்த அறையில்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 44இல் மருந்தை 20, 22, 24 என்று ஏற்றிப் பார்க்கும்போது குண்டை மாற்றாதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு சிலிண்டரின் முகத்தையும் அச்சையும் ஈரத்துணியால் துடையுங்கள். ரெமிங்டனில் அச்சில் கரி சீக்கிரம் பிடித்து, சிலிண்டர் இறுகிவிடும்.

சர்வதேச முன்வாய்த் (முன்பக்கமாக நிரப்பும்) துப்பாக்கிப் போட்டிகளில் இந்த ரிவால்வர்களுக்கான ஒரு பிரிவின் பெயர் மரியெட். 25 மீட்டர் தூரம், 30 நிமிடத்தில் 13 குண்டு, அதில் சிறந்த 10க்கு மதிப்பெண். அந்தக் களத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் குறைந்த மருந்தும் உருண்டைக் குண்டும்தான் போடுகிறார்கள்.

6. கூம்புக் குண்டு

கோல்ட் நிறுவனத்தின் பழைய வார்ப்பு அச்சுகளில் ஒரு குழியில் உருண்டையும் மறு குழியில் கூம்பும் வார்க்கலாம். இன்று லீ நிறுவனத்தின் அச்சுகளில் 36க்கு 130 கிரெயின், 44க்கு 200 கிரெயின் கூம்புக் குண்டு வார்க்கலாம். ஒப்பிட்டால், 0.375 உருண்டை ஏறக்குறைய 80 கிரெயின், 0.454 உருண்டை 140.

கனம் கூடினால் அடி பலமாக இருக்கும், தூரத்தில் வேகம் குறைவதும் மெதுவாகும். குறி கூடுமா என்றால், அது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். உருண்டையை எப்படி வைத்தாலும் அது உருண்டைதான். கூம்பு ஒரு இழை சாய்ந்து நுழைந்தாலும் சாய்ந்தபடியே குழலுக்குள் போகும். லீ குண்டுகளின் அடிப்பாகம் கொஞ்சம் ஒடுங்கியிருப்பது அதை நேராக நிறுத்தத்தான். விரலால் நிறுத்தி, பக்கவாட்டில் பார்த்து நேராக இருப்பதை உறுதிசெய்த பிறகே லீவரை இறக்குங்கள். லீவரின் முனை குழிவாக இருந்தால் கூம்பின் மூக்கு நசுங்கும். சில மாடல்களில் நீளமான குண்டு லீவருக்குக் கீழே நுழையவே நுழையாது. கேப் எதுவும் வைக்காமல் சிலிண்டரைக் கழற்றி, தனி ஸ்டாண்டில் வைத்து நிரப்ப வேண்டும்.

கூம்பு இடத்தை அடைத்துக்கொள்வதால் மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கும். உருண்டைக்குச் சரியாக இருந்த அளவு கூம்புக்கு உதவாது; ஐந்தாம் படியை முதலிலிருந்து செய்யுங்கள்.

7. முன் குறியைத் தொடுவது

கோல்ட் நகல்கள் 25 கஜத்தில் பல அங்குலம் மேலே சுடும். அசல் துப்பாக்கிகளின் குறி ஏறத்தாழ 75 கஜத்துக்கு அமைந்தது என்பார்கள். 1865 ஜூலை 21 அன்று மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் புகழ்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக், டேவிஸ் டட் என்பவரைச் சுட்டதும் ஏறக்குறைய அதே தூரத்தில்தான்.

குண்டு மேலே போனால் முன் குறி உயரமானதாக மாற வேண்டும். கீழே போனால் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கலாம். இடப்பக்கம் விழுந்தால் முன் குறியை இடப்பக்கமே நகர்த்த வேண்டும், பின் குறிக்கு நேர் எதிர். குண்டும் மருந்தும் முடிவான பிறகுதான் அரத்தை எடுங்கள். தேய்த்த இரும்பு திரும்பி வராது.

8. சுத்தம்

அன்றைக்கே செய்துவிடுங்கள். கருமருந்தின் கரி ஈரத்தை இழுக்கும், ஒரே இரவில் துரு ஏறும். சோப்பு போட்ட சுடுநீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மெல்ல எண்ணெய் பூசுங்கள். கோல்ட் என்றால், கழற்றுவதற்கு முன் ஆப்பு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டு, திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு வரை மட்டும் தட்டுங்கள். ஆப்பு ஆழம் மாறினால் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி மாறும், போன வாரம் கிடைத்த குறி இந்த வாரம் கிடைக்காது.