பேச்சுல இலக்கணச் சண்டை வந்தா எப்படிப் போடணும்

எங்க பக்கம் கும்பகோணத்துலேருந்து மன்னார்குடி வரைக்கும் டீக்கடை பெஞ்சு, கல்யாணப் பந்தி, களத்துமேடுன்னு எங்க நாலு பேரு ஒக்காந்தாலும் "அப்புடிச் சொல்லக்கூடாதுப்பா, அது தப்பு"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சுடுவாரு. எனக்கு இந்தச் சண்டை ரொம்பப் புடிக்கும், நடக்கவும் வேணும். ஆனா பேசுறதை எழுதுற கணக்குல வச்சு அளந்தா அது அங்கயே கெட்டுடும், கடைசில யாரு பெரியவன்ங்கற சண்டையா முடியும்.

அதனால வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி அது எந்த வகைன்னு பிரிச்சுக்கங்க. நம்ம இலக்கணமே மூணா பிரிச்சுக் குடுத்திருக்கு. சரியா இருந்தா வழாநிலை, தப்பா இருந்தா வழு, தப்பு மாதிரி தெரிஞ்சாலும் காரணம் இருக்கு ஏத்துக்கலாம்னா வழுவமைதி. ஸ்கூல்ல ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிட்டு விட்டுட்டோம், ஆனா சண்டையில நிக்கறப்ப இதவிட ஒதவுற சாமான் கெடையாது.

உதாரணத்துக்கு "அக்கா வந்துச்சு, சாப்புட்டுச்சு, போயிடுச்சு". தஞ்சாவூர் பக்கத்துல வீட்டுப் பொம்பளைங்கள பாசமா இப்புடித்தான் சொல்லுவோம். வெளியூர்க்காரர் யாராவது "மனுஷங்களப் போயி அஃறிணையில சொல்றீங்களே"ன்னு கேட்டா கோவப்படாதீங்க, அவர் கேக்குறது நியாயம், திணை மாறித்தான் இருக்கு. ஆனா 13-ம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதுன நன்னூல்லயே மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு இந்த அஞ்சு காரணத்தால திணையும் பாலும் மாறலாம்னு சூத்திரம் இருக்கு. பசுமாட்டை "என் அம்மை வந்தாள்"னு சொல்றதத்தான் அதுக்கு உதாரணமா காட்டுவாங்க. மாட்டை அம்மான்னு சொல்ல எடம் குடுத்த பாசம் அக்காவ "வந்துச்சு"ன்னு சொல்லவும் எடம் குடுக்கும்னு நான் வாதாடுவேன்.

காலமும் அப்புடித்தான். பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் கெளம்பவே இல்ல, போன்ல "இந்தா வந்துட்டேன்"ங்கறோம். பொய்யின்னு சண்டைக்குப் போகாதீங்க, அவசரத்துல எதிர்காலத்த இறந்தகாலமா சொல்றது கால வழுவமைதி, அதுக்கும் நன்னூல்ல எடம் இருக்கு.

அடுத்தது உச்சரிப்பு, இதுலதான் நெறய பேரு அவசரப்பட்டு "கொச்சை"ன்னு முத்திரை குத்திடுறாங்க. இலை எலை ஆவுது, இடம் எடம் ஆவுது, உடம்பு ஒடம்பு, குடம் கொடம். சோம்பேறித்தனத்துல வர்றதா இருந்தா எல்லாமே மாறணும்ல? "இல்லை" ஏன் "எல்லை" ஆவல, "குட்டை" ஏன் "கொட்டை" ஆவல? பின்னாடி ஒத்தை மெய் வந்து அதுக்கப்புறம் அ, ஐ வந்தாத்தான் மாறுது, ரெட்டை மெய் வந்தா பெரும்பாலும் அசையாது (ஒக்காரு, ஒங்க மாதிரி சிலது மட்டும் விலக்கு). படிக்காத பாட்டிகூட இந்த விதிப்படிதான் பேசுவாங்க. நாற்று நாத்து, காற்று காத்து, நேற்று நேத்துன்னு வர்றதும் இதே மாதிரி ஒழுங்குதான். அதனால பேசுறப்ப "எலை"ன்னதுக்குத் திருத்தாதீங்க, அதே ஆளு பந்திக்கு சாமான் லிஸ்ட் எழுதுறப்ப "எலை"ன்னு எழுதுனா அப்ப சொல்லுங்க.

எழுத்துல நான் விடாம சண்டை போடுறது ஒண்ணு இருக்கு, "சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்". எந்த ஊருக்குப் போனாலும் மதில்ல பெருசா எழுதியிருக்கும். இதுக்கு சூத்திரம் சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க, பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டணும். ஆறு ஆற்றில், சோறு சோற்றில், கிணறு கிணற்றில், இதெல்லாம் "று"ல முடியுது. தேர் தேரில், ஊர் ஊரில், மோர் மோரில், இதெல்லாம் "ர்"ல முடியுது. திருவாரூர்த் தேரப் பாத்துட்டு வந்து யாராவது "தேற்றில் சாமி"ன்னு எழுதுவாங்களா? சுவர் எதுல முடியுதுன்னு அவங்களையே சொல்ல விடுங்க, "சுவரில்"னு தானா வந்துடும். ஆனா பேச்சுல "செவுத்துல"ன்னுதான் வரும், அத மாத்தச் சொல்லாதீங்க, நம்ம வாயி அந்தச் சொல்ல "று"ல முடியுற கூட்டத்தோட சேத்துகிச்சு. எழுதுறப்ப அதுக்கு எழுத்து வேஷம் போடப் போயித்தான் "சுவற்றில்" வந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன்.

மரபு பத்தின சண்டைன்னா தொழில்காரங்ககிட்ட கேளுங்க, அகராதிக்கு அப்புறம் போலாம். உயர்ந்தோர் எப்படிச் சொன்னாங்களோ அப்படிச் சொல்றதுதான் மரபுன்னு நன்னூல் சொல்லுது, வயல்ல நின்னா எனக்கு உயர்ந்தோர் நடவாளுங்கதான். "நெல்லுச் செடி"ன்னு அவங்க சொல்லமாட்டாங்க, பயிருன்னுதான் சொல்லுவாங்க. நாத்த பறிப்பாங்க, கதிர அறுப்பாங்க, பருத்தி எடுப்பாங்க, கீரைய ஆய்வாங்க. குறுவைப் பட்டத்து நெல்ல அறுத்த தாள்ல, அதாவது அடிக்கட்டை நிக்கற வயல்ல, அடுத்து நட்டா அது தாளடி, "ரெண்டாவது சம்பா"ன்னு யாராவது சொன்னா அங்க தாராளமா திருத்தலாம்.

வேத்துமொழிச் சொல்லுக்கு ரொம்ப மல்லுக்கட்ட வேணாம். சாவி, ஜன்னல், மேசை எல்லாம் போர்ச்சுகீசியத்துலேருந்து வந்து நம்ம வீட்டுலயே ஒக்காந்துடுச்சு.

சில சண்டைக்கு முடிவே கெடையாது. "வாழ்த்துகள்"தான் சரிங்கறவங்க "கள்" வெறும் விகுதி, அதுக்கு வலி மிகாது, அதாவது நடுவுல "க்" சேராதுன்னு சொல்லுவாங்க, "வாழ்த்துக்கள்"ங்கறவங்க வன்தொடர்க் குற்றியலுகரத்துக்கு ("த்து" மாதிரி வல்லின மெய்யோட முடியுற சொல்லுக்கு) அப்புறம் மிகும்னு காட்டுவாங்க. ரெண்டு பக்கமும் படிச்சவங்க இருக்காங்க. நான் "க்" போடாமத்தான் எழுதுவேன், போட்டு எழுதுனவங்களத் திருத்தமாட்டேன்.

யாருகிட்ட எப்படிச் சொல்றதுங்கறதும் முக்கியம். பெரியவங்கன்னா "அப்புடியா மாமா, நான் இப்புடின்னுல்ல நெனச்சேன்"னு கேள்வியா போடுங்க, அவரே யோசிப்பாரு. சின்னப் புள்ளைங்கன்னா தப்ப சுட்டவே வேணாம், பதில் சொல்றப்ப சரியான சொல்ல நீங்க சொல்லிட்டுப் போங்க. மதுரைக்காரர் "அங்கிட்டு"ன்னா அது அவரு ஊரு வழக்கு, அதுல நமக்கு வேலை இல்ல. நாலு பேரு முன்னாடி யாரையும் திருத்தாதீங்க, சிரிப்பு வந்துடுச்சுன்னா அந்தாளு அப்புறம் ஒங்ககிட்ட வாயே தொறக்கமாட்டாரு.

விட்டுக்குடுக்காம நிக்க வேண்டிய எடம் அச்சுதான். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, கோயில் திருவிழா நோட்டீசு, இதெல்லாம் ப்ரூஃப் வர்ற அன்னைக்கே ஒக்காந்து எழுத்து எழுத்தா படிச்சு, ப்ரெஸ்காரர் சலிச்சுகிட்டாலும் பரவால்லன்னு மாத்தச் சொல்லிடுங்க. அடிச்சு வந்து மூலையில மஞ்சள் தடவுனதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.