வெள்ளி ரேட் பார்க்கப் போய் வைரஸ் எச்சரிக்கை: தடுப்பது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவுக்குக் கொலுசுப் பட்டறை. காலையில் வந்ததும் கம்ப்யூட்டரில் வெள்ளி ரேட் பார்ப்பார். போன மாதம் ஒருநாள் போன். "மாப்ள, வைரஸ் வந்துருச்சாம், செவப்பா கத்துது. ஒரு நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுது."

"கூப்பிட்றாதீங்க மாமா, வர்றேன்" என்று வண்டியை எடுத்தேன். வைரஸ் ஒன்றும் இல்லை, ரேட் பக்கத்தில் வந்த விளம்பரம். டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடியதும் சத்தம் நின்றது. அதோடு விடாமல் அன்று செய்தவை இவை. கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 11.

முதலில் பிரவுசர். ஃபயர்பாக்ஸ் போட்டு, விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற இணைப்பைச் சேர்த்துவிடுங்கள். குரோமில் இப்போது அதன் 'லைட்' வகைதான் கிடைக்கும். அதுவும் பரவாயில்லை, ஆனால் என் ஓட்டு ஃபயர்பாக்ஸுக்கே. இதே மாதிரிப் பெயரில் போலிகள் உண்டு. உருவாக்கியவர் ரேமண்ட் ஹில் என்று இருக்கிறதா பாருங்கள்.

அடுத்து ரவுட்டர். பட்டறைப் பையன்களின் போன்களுக்கும் சேர்த்து இங்கேயே தடுக்கலாம். பிரவுசரில் பெரும்பாலும் 192.168.1.1 என்று அடித்து நுழைந்து, டிஎச்சிபி (சாதனங்களுக்கு முகவரி கொடுப்பது) பகுதியில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) இடத்தில், விளம்பரத் தளங்களைத் தடுக்கும் ஆட்கார்டின் 94.140.14.14, 94.140.15.15 இரண்டையும் கொடுங்கள். இரண்டாவது கட்டத்தில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூகுளின் 8.8.8.8 போடாதீர்கள். முதலாவது படுத்தால்தான் இரண்டாவது என்று கிடையாது. சாதனம் நினைத்தபோது அதையும் கேட்கும்.

இதெல்லாம் செய்தும் போனில் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன், இரண்டு டீ போனதுதான் மிச்சம். கடைசியில் கம்ப்யூட்டரில் வைஃபை பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் விஷயம் புரிந்தது: ஐபிவி4 (பழைய இணைய முகவரி முறை) டிஎன்எஸ் வரிசையில் ரவுட்டர் சொன்னது சரியாக இருக்கிறது, கீழே ஐபிவி6 (புதிய முறை) வரிசையில் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் உட்கார்ந்திருக்கிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை. ஐபிவி6 பக்கத்திலும் ஆட்கார்டு முகவரியைக் கொடுக்க வேண்டும். எங்கள் ரவுட்டரில் அதற்கு இடமே இல்லை, அதனால் உள் நெட்வொர்க்கில் ஐபிவி6-ஐ நிறுத்திவிட்டேன். பிறகு போன்களில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்'ஸில் வேறு பெயர் இருந்தால் ரவுட்டர் சொல்வதை அது கேட்காது. யூடியூப் விளம்பரத்தை இந்த வழியில் தடுக்க முடியாது. வீடியோ வரும் இடத்திலிருந்தே அதுவும் வருகிறது.

ரவுட்டருக்குள் இருக்கும்போதே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ் (பட்டன் அல்லது பின் நம்பரில் வைஃபை சேரும் வசதி), ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதி) இரண்டையும் அணையுங்கள். 2016-இல் மிராய் என்ற தீம்பொருள் லட்சக்கணக்கான கேமரா, ரவுட்டர்களைப் பிடித்தது, கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை வைத்துத்தான்.

கம்ப்யூட்டரில் நெட்வொர்க்கை 'பப்ளிக்' ஆக்குங்கள், ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதை மறிக்கும். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி 1.0 (ஃபைல் பகிரும் பழைய முறை) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை பரவியது எஸ்எம்பி ஓட்டை வழியாகத்தான். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வேண்டாம், விண்டோஸிலேயே வரும் டிஃபெண்டர் போதும்.

புதுச்சேர்க்கை: 'பப்ளிக்' ஆக்கியதும் பக்கத்து கம்ப்யூட்டரிலிருந்து பில் ஃபோல்டர் திறக்கவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஃபோல்டர் பகிர்பவர்கள் அந்தக் கடை நெட்வொர்க்கை மட்டும் 'பிரைவேட்' ஆக வைக்கலாம். பழைய ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் போகவில்லை என்றவருக்கு: அது எஸ்எம்பி 1.0 தான் பேசும். அதற்காக அதைத் திரும்பப் போடாதீர்கள், ஸ்கேனைப் பென் டிரைவில் எடுங்கள்.