ஓயாத சோர்வு: டானிக் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

"எப்பவும் டயர்டா இருக்குங்க" என்று சொல்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். பகலில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் கண் சொருகுகிறதா? தூக்கமெல்லாம் சரி, ஆனால் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கி, கால் துவண்டு போகிறதா? இல்லை, உடம்பில் தெம்பு இருந்தும் எதையும் தொட மனசே வரவில்லையா?

நான் டாக்டர் இல்லை. லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறேன். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பு தேடும் அந்த ஒரு நிமிடத்தில் மனிதர்கள் நிறையப் பேசுவார்கள். பல மாதம் விதவிதமான சத்து மாத்திரை சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சரிப்படாமல் கடைசியாகத்தான் என் நாற்காலியில் வந்து உட்காருகிறார்கள். வரிசையை மாற்றினால் காசும் மிச்சம், காலமும் மிச்சம். எந்த வகைச் சோர்வு என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்து அதற்கு அப்புறம்.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், இரவில் எத்தனை தடவை விழிப்பு வந்தது, கடைசிக் காபி அல்லது டீ எப்போது, எந்த மணிக்கு உடம்பு ஓய்ந்து போனது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். பெண்கள் மாதவிடாய் நாட்களையும், ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களும் அதே தாளில் இருக்கட்டும். சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மருந்துகள் எல்லாமே ஆளைச் சோர்த்துவிடும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்டால் வேறு மருந்தோ, சாப்பிடும் நேரத்தையோ மாற்றித் தருவார்.

இந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாதவர்கள் உண்டு. நெஞ்சு வலி, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம், திடீரென்று ஒரு பக்கக் கை கால் பலவீனம் என்றால் அவசரச் சிகிச்சைக்கு உடனே போக வேண்டும். மலம் தார் போலக் கறுத்துப் போனாலும் அன்றைக்கே காட்டுங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்ப்பது இவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

கண் சொருகுகிறவர்களுக்கு

பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறு மணி நேரம் தூங்கி "எனக்குப் பழகிப்போச்சு" என்பவர்களை நான் நம்புவதில்லை. டோக்கன் கூப்பிடுவதற்குள் நாற்காலியிலேயே தூங்கி விழுகிறவர்களில் அவர்கள்தான் அதிகம்.

படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டுவதைவிட எழும் நேரத்தைக் கட்டிப்போடுவது எளிது. விடுமுறை நாளிலும் அதே நேரத்தில் எழுங்கள், எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாருங்கள். காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. பகலில் தாங்கவே முடியவில்லை என்றால் 20 நிமிடம் படுக்கலாம், அலாரம் வைத்து. அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுந்து, படுத்ததைவிட மோசமான மந்தத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்புறம் காபி. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வரும், அதுதான் தூக்கத்தை அழைப்பது. காஃபின் அதை அழிப்பதில்லை, அது போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். உடம்பில் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே பலருக்குச் சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு 10 மணிக்கும் உள்ளேதான் இருக்கும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் நேரமாகும். மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நிறைய குடிப்பவர்கள் ஒரே நாளில் விட்டுவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் தலைவலி பின்னியெடுக்கும்.

எட்டு மணி நேரம் தூங்கியும் அடித்துப் போட்டது போல எழுந்திருக்கிறீர்களா? பக்கத்தில் படுப்பவரிடம் குறட்டையைப் பற்றிக் கேளுங்கள். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, அப்புறம் திணறிக்கொண்டு மறுபடி தொடங்கினால் அது தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோயாக இருக்கலாம். காலையில் வாய் வறண்டு தலை வலிப்பதும் அதோடு சேர்ந்து வரும். தனியாகப் படுப்பவர்கள் கைப்பேசியில் ஓர் இரவுச் சத்தத்தைப் பதிவு செய்து டாக்டரிடம் போட்டுக் காட்டலாம். இந்த நோய்க்கு டானிக்கால் ஒரு பயனும் கிடையாது. தூக்கப் பரிசோதனை செய்தால் சிகிச்சை இருக்கிறது. அதுவரை, கண் சொருகும் நிலையில் வண்டி ஓட்டாதீர்கள்.

மூச்சு வாங்குகிறவர்களுக்கு

ஓர் அம்மா ஒருமுறை நான் ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, "ஐஸ் கட்டியைக் கடிச்சுத் தின்னுட்டே இருக்கத் தோணுது, அதுக்கும் டெஸ்ட் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கீழிமையை லேசாக இழுத்துப் பார்த்தேன், உள்பக்கம் வெளிறியிருந்தது. ஐஸ் தின்னும் ஆசை இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளங்களில் ஒன்று. "சிரிக்காதீங்கம்மா, இதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

டாக்டர் பொதுவாக முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றை எழுதித் தருவார். சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனையும் சேரலாம். பலரும் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் ஹீமோகுளோபின் கைச்செலவுக் காசு என்றால், ஃபெரிட்டின்தான் சேமிப்பு. சேமிப்பு முதலில் கரையும், கையில் காசு குறைவது பிறகுதான் தெரியும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 15-க்குக் (ng/mL) கீழே இருந்தால், சோர்வுக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். இன்னொன்று, உடம்பில் கிருமித்தொற்றோ வீக்கமோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். காய்ச்சலோடு வந்து எடுத்த ஃபெரிட்டினை வைத்து "எனக்கு இரும்பு நிறைய இருக்கு" என்று முடிவுகட்டாதீர்கள்.

ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்து குறைந்தால் மாத்திரையோடு விஷயம் முடியாது. வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பி12 குறைவு அசைவம், முட்டை, பால் எதுவும் தொடாதவர்களிடம் வரும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களிடமும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை விடாமல் போடுபவர்களிடமும் வரும். விரல் நுனி மரத்துப் போவதும் சோர்வோடு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

லேபுக்கு வரும் முன் ஒரு வேலை: முடிக்கும் நகத்துக்கும் என்று சாப்பிடும் மாத்திரைகளில் பயோட்டின் இருக்கும். அது சில கருவிகளில் தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டிவிடும். குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். அளவு அதிகமென்றால் இன்னும் முன்னதாக நிறுத்த வேண்டியிருக்கும், லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். இதை யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

பரிசோதனை இல்லாமலே இரும்பு மாத்திரையில் இறங்கிவிடாதீர்கள். சிலருக்கு இரும்பு உடம்பில் தேங்கும் நோய் இருக்கும், அவர்களுக்கு அது விஷம். "எனர்ஜி" என்று விற்கும் மாத்திரைகளும் அப்படியே. அவற்றில் இருக்கும் வைட்டமின் பி6 அளவுக்கு மிஞ்சி நீண்ட நாள் உள்ளே போனால் நரம்பையே கெடுக்கும்.

டாக்டர் இரும்பு மாத்திரை தந்தால் டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள், அவை இரும்பை உறிஞ்ச விடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொன்னால் தவறாக எழுதிவிட்டாரோ என்று குழம்ப வேண்டாம், அப்படிப் போடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாகவே உறிஞ்சப்படுகிறது. மலம் கறுப்பாகப் போவது இந்த மாத்திரையால் சகஜம், ஆனால் முன்பு சொன்னது போலத் தார் மாதிரி போனால் அன்றைக்கே காட்டுங்கள். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்வது. சேமிப்பு நிரம்ப அதற்கு மேலும் சுமார் 3 மாதம் வேண்டும்.

மனசு வராதவர்களுக்கு

இதற்கு என் ஊசியில் விடை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல், பிடித்ததும் பிடிக்காமல் போனால் அதையும் டாக்டரிடம் சோர்வு என்ற பெயரிலாவது சொல்லிவிடுங்கள். சாகத் தோன்றினால் தனியாக இருக்காதீர்கள், அந்த நிமிடமே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி உதவிக்குப் போங்கள்.

நடப்பது பலருக்குத் தெம்பைக் கூட்டும். முதல் நாள் பத்து நிமிடம் போதும், வாரத்துக்கு 150 நிமிடம் என்ற அளவுக்கு மெல்ல ஏறலாம். ஆனால் கொஞ்சம் அலைந்தாலே மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ படுத்த படுக்கையாகிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கடுமையான வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு குறிப்பாக. அவர்களிடம் "சோம்பேறித்தனம், எழுந்து நட" என்று யாரும் சொல்லக் கூடாது. தள்ளத் தள்ள மோசமாகும் வகை அது. தங்கள் எல்லைக்குள் வேலையைப் பிரித்துச் செய்துகொண்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்று வந்தால் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். போன வருடம் 14.6 இருந்த ஹீமோகுளோபின் இப்போது 12.3 என்றால், ஒரு பெண்ணுக்கு இரண்டுமே நார்மல்தான். ஆனால் இறங்கியிருக்கிறது, ஏன் என்று கேட்க வேண்டிய இறக்கம் அது. டாக்டரிடம் போகும்போது இரண்டு தாளையும் சேர்த்தே நீட்டுங்கள், எழுதி வைத்த ஒரு வாரக் குறிப்போடு.