வேலூர்ப் பக்கம் சின்ன ஊரில் வீடு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வளர்ற ஊரு சார், ரெண்டு வருஷத்துல டபுள் ஆயிடும்" என்று சொல்லி மனை விற்கிறவருக்கு, அந்த ஊர் வளர்ந்தாலும் வளராவிட்டாலும் பணம் வந்துவிடும். காத்திருக்க வேண்டியவர் வாங்கியவர்தான். பழைய வடஆற்காடு பகுதியில் இந்தப் பேச்சு இப்போது கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது. அதற்குக் காரணங்களும் இருக்கின்றன. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனித்தனி கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது. சென்னைக்கும் பெங்களூருவுக்கும் நடுவில் இருப்பதால் கம்பெனிகளும் வருகின்றன. காட்பாடி, சத்துவாச்சாரி விலையைக் கேட்டுத் திரும்பியவர்கள் குடியாத்தம், பள்ளிகொண்டா, ஆற்காடு, வாலாஜாபேட்டை, சோளிங்கர், அரக்கோணம் என்று தேடத் தொடங்குகிறார்கள். தேடுவது சரிதான். ஆனால் நிறையப் பேர் இன்று இருக்கிற ஊரை விட்டுவிட்டு, செய்தித்தாளில் வந்த ஊரை வாங்குகிறார்கள்.

அறிவிப்புக்கு விலை கொடுப்பது

திண்டிவனத்திலிருந்து ஆரணி, ஆற்காடு, வாலாஜா வழியாக ஆந்திராவின் நகரிக்குப் போகும் ரயில் பாதை 2006-07-லேயே ஒப்புதல் பெற்ற திட்டம். அன்று பிறந்த குழந்தை இன்று ஓட்டுப் போடுகிற வயதைத் தாண்டிவிட்டது. இன்னும் ஆரணிக்காரர் பஸ்ஸில்தான் போகிறார். அப்துல்லாபுரம் விமான நிலையத்தைச் சொல்லி விற்ற மனைகளும் ஏராளம். விமானம் வருவதற்கு முன்பே அதன் பெயரில் விலை ஏறி இறங்கிவிட்டது.

சரி, உண்மையாகவே வேலை நடக்கிற இடம்? பனப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். 2024 செப்டம்பரில் அங்கே டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 9,000 கோடி ரூபாய். அதே வருடம் டிசம்பரில் தைவானின் ஹோங் ஃபூ காலணி ஆலைக்கு அடிக்கல். அதில் 1,500 கோடி முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். உடனே பனப்பாக்கம், நெமிலி, காவேரிப்பாக்கம் பக்கம் வயலுக்கு நடுவே கல் நட்ட மனைகள் முளைத்தன. 25,000 பேர் வந்தால் வாடகை கொட்டும் என்பது கணக்கு. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தவர்கள் இந்தக் கணக்கைப் போட மாட்டார்கள். அங்கே விடியற்காலையில் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து, மாலையில் அவரவர் ஊரில் இறக்கிவிடும். வேலை வரும், ஆனால் அதற்காகப் பெரும்பாலான குடும்பங்கள் வீடு மாறிவிடாது. வாடகையை நம்பி அங்கே மனை வாங்குவதைவிட, ஏற்கெனவே பள்ளியும் ஆஸ்பத்திரியும் கடைத்தெருவும் உள்ள வாலாஜாபேட்டையிலோ அரக்கோணத்திலோ ஒரு சின்ன வீடு வாங்குவது மேல் என்பது என் எண்ணம்.

ஊர் வளர்கிறதா, விளம்பரம்தான் வளர்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சொத்தின் மேல் நடந்த விற்பனை, அடமானப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை எல்லாரும் தாங்கள் வாங்கப்போகும் மனைக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அதே சர்வே எண்ணில் உள்ள மற்ற மனைகளுக்கும், பக்கத்து மனைப்பிரிவுக்கும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். புரமோட்டர் விற்றது, ஒருவர் வாங்கியது. அதோடு பத்து வருடமாக வேறு பதிவே இல்லையென்றால், அங்கே வாங்க வழி உண்டு, விற்க வழி இல்லை. வாங்கியவர் மறுபடி விற்றிருக்கிறார், இன்னொருவர் பேங்க் லோன் போட்டு வீடு கட்டியிருக்கிறார், அடமானம் ரத்தாகியிருக்கிறது என்று வரிசையாகப் பதிவுகள் தெரிந்தால் அது உயிருள்ள இடம். கைமாறிய தொகையும் அதிலேயே இருக்கும். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கம் உண்டு என்றாலும், விலை போகும் திசை தெரிந்துவிடும்.

சாலையும் ஸ்டேஷனும் பெயரளவில்

"எக்ஸ்பிரஸ்வே டச்" என்று நோட்டீஸில் இருக்கும். பெங்களூரு – சென்னை விரைவுச்சாலை இந்தப் பகுதியில் ராணிப்பேட்டை, வாலாஜா, அரக்கோணம் பக்கமாகப் போகிறது. அது பழைய பெங்களூர் ரோடு மாதிரி டீக்கடை வாசலில் ஏறி இறங்குகிற சாலை இல்லை. குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் ஏற முடியும், டூவீலருக்கு அனுமதி கிடையாது. அந்த ஏறுமிடம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால், சாலைக்குப் பக்கத்து மனைக்காரருக்குக் கிடைப்பது லாரிச் சத்தம்தான். மனைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் சாலை போனால், சுரங்கப்பாதை எங்கே என்று தேடிச் சுற்றி வரவும் வேண்டும்.

ரயில் விஷயமும் இப்படித்தான். சோளிங்கர் ஸ்டேஷன் சோளிங்கரில் இல்லை, பாணாவரம் பக்கம் இருக்கிறது. குடியாத்தம் ஸ்டேஷனும் வாலாஜா ரோடு ஸ்டேஷனும் ஊரை விட்டுத் தள்ளித்தான். ஆற்காட்டுக்கு ஸ்டேஷனே கிடையாது. தினமும் சென்னைக்கு வேலைக்குப் போகிறவருக்கு, புறநகர் மின்சார ரயில் வந்துபோகும் அரக்கோணத்தின் பக்கத்தில் வேறு ஊர் நிற்க முடியாது. எந்த ஊரானாலும் நீங்கள் போகவேண்டிய நேரத்தில் ஒரு வேலைநாள் காலையில் அந்த வண்டியைப் பிடித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய் "முக்கால் மணி நேரம்தான்" என்று திரும்பி வருவதில் பயனில்லை.

அரக்கோணத்தில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது. அதைச் சுற்றிக் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மாடி மேல் மாடி போடும் திட்டமிருந்தால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பது

டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறோம், சுவரில் விரிசல் தேடுகிறோம். போர் தண்ணீரை ஒரு மடக்கு குடித்துப் பார்க்க மாட்டோம். பாலாற்றங்கரையில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரை தோல் பதனிடும் தொழில் இந்தப் பகுதிக்குச் சோறு போட்டது. நிலத்தடி நீரைக் கெடுத்ததும் அதுதான். அதை எதிர்த்து நடந்த வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கையை உறுதிப்படுத்தியது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அந்த நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டை சிப்காட்டில், மூடிப் பல வருடமான ஒரு குரோமேட் தொழிற்சாலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்ததும் ஊரறிந்த கதை.

அதனால் இந்த ஊர்களில் வாங்கவே கூடாது என்பதில்லை. ஒரே ஊரில் ஒரு தெருவில் தண்ணீர் நன்றாக இருக்கும், அடுத்த தெருவில் சோப்பு நுரைக்காது. வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம், "சமையலுக்கு எந்தத் தண்ணிம்மா?" என்று கேளுங்கள். கேன் வாங்குகிறார்களா, காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதா, வந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். ஆர்.ஓ. மெஷின் விற்கிறவர் கொண்டுவரும் டி.டி.எஸ். மீட்டர் போதாது. அது மொத்த உப்பைத்தான் காட்டும், குரோமியம் இருக்கிறதா என்று சொல்லாது. தோல் தொழிற்சாலைகள் உள்ள ஊரென்றால் குரோமியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தண்ணீர் இல்லாத ஆறு என்று பாலாற்றைக் கேலி பேசிப் பழகிவிட்டோம். 2021 நவம்பரில் அது கரைபுரண்டு ஓடியது. குடியாத்தத்தில் கவுண்டன்ய மகாநதிக் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பொன்னையாற்று வெள்ளத்தில் காட்பாடிப் பக்கம் ரயில் பாலமே ஆட்டம் கண்டது. சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தால் எல்லா மனையும் மேடுதான். மலிவாக வருகிற இடம் ஏரித் தண்ணீர் பரவி நிற்கும் உள்வாயா, ஓடைப் போக்கா என்று சர்வே வரைபடத்தில் பாருங்கள். பெரியவர் யாராவது டீக்கடையில் இருந்தால், அந்த வருடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கை நீட்டிக் காட்டிவிடுவார்.

காகிதத்தில் நடக்கும் தவறுகள்

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்பது மனைப்பிரிவுக்கான அனுமதி ஆகாது. நகர ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவென்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணும் வேண்டும். அதை இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவான அங்கீகாரமில்லாத இடங்கள் மறுபடியும் பதிவாகும். ஆனால் அரசிடம் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்தாமல் வீடு கட்ட அனுமதி கிடைக்காது, பேங்க்கும் லோன் தராது. 'பத்திரம் ஆகுதே' என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் யார் குடியிருக்கிறார் என்றுதான் சொல்லும், யாருக்குச் சொந்தம் என்று சொல்லாது.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் மாவட்டப் பெயர். தாத்தா காலத்துப் பத்திரத்தில் வடஆற்காடு, அப்பா வாங்கியதில் வேலூர், இப்போது ராணிப்பேட்டை. இடையில் கிராமம் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருக்கலாம். ஒரே அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு 'நில்' (பதிவு ஏதும் இல்லை) என்று வந்ததும் சந்தோஷப்படக் கூடாது. பழைய அலுவலகத்திலும் போடுங்கள், குறைந்தது முப்பது வருடத்துக்கு. வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பார்ப்பதும் முக்கியம். பஞ்சமி நிலம் (தலித் மக்களுக்கென்று அரசு ஒதுக்கியது), நிபந்தனைப் பட்டா (இஷ்டம்போல் விற்க முடியாது என்ற நிபந்தனையோடு அரசு கொடுத்தது), கோயில் நிலம், வக்ஃபு நிலம் எல்லாம் கல் நட்டு பெயின்ட் அடித்துவிட்டால் மற்ற மனை மாதிரியேதான் தெரியும். ஏலகிரி மாதிரி மலைக் கிராமங்களில் கட்டடம் கட்டத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. 'வீக்கெண்டுக்கு ஒரு வீடு' என்று கிளம்புகிறவர்கள் அதை வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

குடியாத்தம், ஆற்காடு மாதிரி பழைய ஊர்களில் நடுத்தெரு வீடு புது மனையைவிட மலிவாகவே வருவதுண்டு. பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை. அங்கே கேட்கவேண்டியது வேறு. பக்கத்துச் சுவர் பொதுவா தனியா, நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்றால் பட்டா யார் பெயரில், அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களா, செப்டிக் டேங்க் லாரி தெருவுக்குள் வருமா.

கணக்கில் விட்டுப்போவது

மனை 12 லட்சம் என்றால் செலவு 12 லட்சத்தில் நிற்காது. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,08,000 ரூபாய் அரசுக்கு. பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை 2025 ஏப்ரல் முதல் உண்டு, ஆனால் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான். புரோக்கர் கமிஷன், போர், காம்பவுண்டு, மண் நிரப்புவது எல்லாம் தனி. ஒரு நல்ல செய்தி: 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிவிடலாம். மனை ஒழுங்காக இருந்தால் மட்டும்.

பத்திரம் கைக்கு வந்ததும் உட்பிரிவுப் பட்டாவுக்கு மனு கொடுத்துவிடுங்கள். கூட்டுப் பட்டாவாகவே விட்டுவைத்தால் பிற்பாடு விற்கும்போது இழுத்தடிக்கும். வெளியூரில் இருப்பவர்கள் நான்கு மூலைக்கும் கல் நட்டு, பக்கத்து வீட்டுக்காரர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது செய்தால் மறக்காது.