ரத்தம் ஏற்றிய கையோடு டெஸ்ட் எடுக்கிறீர்களா?

காசிமேட்டில் மீன் விற்கும் எங்கள் அத்தைக்குப் போன வருஷம் எச்.பி. (ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அளவு) 6-க்கு இறங்கி, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். மூன்று வாரம் கழித்து வழக்கமான மூன்று மாத சுகர் டெஸ்ட் எடுத்தால், எப்போதும் 9-க்கு மேலேயே நிற்கிற எச்பிஏ1சி 7-க்கு வந்திருந்தது. அன்று சாயங்காலமே கல்மண்டபத்தில் பாதுஷா வாங்கிவிட்டார். சுகர் குறையவே இல்லை. அந்த டெஸ்ட் பார்ப்பது சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை, அதில் ஒரு பங்கு இப்போது ரத்தம் கொடுத்த யாரோ ஒருவருடையது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதனால் மூன்று மாதமாவது இந்த எண்ணை நம்ப வேண்டாம். அதுவரை வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்க்கிற சுகர்தான் கணக்கு.

தலசீமியா, ஜி6பிடி என்று பரம்பரையாக வரும் சிவப்பணுக் குறைபாடுகளுக்கான டெஸ்ட்டுகளுக்கும் இதே கதிதான், ஏற்றியபின் எடுத்தால் இருக்கிற குறையே மறைந்துபோகலாம். ரத்தசோகை ஏன் வந்தது என்றே தெரியாதபோது, இரும்புச்சத்து, பி12 உட்பட எல்லாவற்றுக்கும் ஏற்றுவதற்கு முன்பே சாம்பிள் எடுத்து வைத்துவிட வேண்டும். அவசரத்தில் விட்டுப்போகும், நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

எச்.பி.க்கு நேர் எதிர். ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கணும் என்பார்கள், தேவையில்லை. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு ஏற்றி முடித்த ஒரு மணி நேரத்திலேயே பார்க்கலாம். பெரியவர்களுக்கு ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1 கிராம் ஏறும், அதனால் இரண்டு ஏற்றியும் 8-தானா என்று நர்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் ட்ரிப்ஸ் ஓடுகிற கையிலேயே ஊசி போட்டு எடுத்தால் நீர்த்துப்போன ரத்தம்தான் வரும், அந்த ரிப்போர்ட்டைக் குப்பையில் போடலாம்.

பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டெஸ்ட், மறுநாள் ஒன்று. மறுநாள் மட்டும் பார்த்தால் ஏறவே இல்லையா, ஏறி இறங்கியதா என்று பிடிபடாது.

அப்புறம், திரும்ப ரத்தம் தேவைப்படும்போது "போன வாரம்தானே சாம்பிள் கொடுத்தோம்" என்று ரத்த வங்கி வாசலில் நின்று கத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் மேட்சிங் சாம்பிள் (ஏற்றப்போகிற ரத்தம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க எடுப்பது) மூன்று நாளுக்குத்தான் செல்லும். ஏற்றிய ரத்தத்துக்கு எதிராக உடம்பு புதிதாக ஆன்டிபாடி உண்டாக்கியிருந்தால், பழைய சாம்பிளில் அது தெரியாது.